தரையில நான்தான் நடக்கணும்

மார்ச் 3, திங்கள்

ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர் ஒருத்தி வீடு கட்டினால் ஊருக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்று தெரியவில்லை. இன்று காய்கறிக் கடையில் ஒருத்தி கேட்கிறாள், "தனியாளுக்கு எதுக்கு டீச்சர் மூணு ரூம்?" ஒன்றில் படுப்பேன், ஒன்றில் சாமி கும்பிடுவேன், மூன்றாவது சாமான் அறை என்றேன். "அவ்வளவு சாமானா?" என்றாள். கத்திரிக்காயைப் பார்த்து எடைபோடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேஸ்மென்ட் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. அடுத்தது சுவர்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தை மண்ணால் நிரப்புவது. அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் தரை. காண்டிராக்டர் செல்லப்பாண்டி வேற்று ஆள் இல்லை. என் தம்பி கோமதிநாயகத்துக்கு மச்சினன், தம்பி பெண்டாட்டி இந்திராணியின் அண்ணன். நான் அவருக்கு மைனி, அதாவது அண்ணி முறை. நாயகம் வீட்டையும் இவர்தான் கட்டினார். போன தீபாவளிக்கு நாயகமே கையோடு கூட்டிவந்து, "மச்சான் கட்டுனா கோட்டையாட்டம் இருக்கும்க்கா" என்றான். சரி என்றேன்.

காலையில் பால் வாங்கிக்கொண்டு மனைக்குப் போவதற்குள் பள்ளம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது! அஸ்திவாரத்துக்குத் தோண்டிய கரிசல் மண்ணையே ஜேசிபி வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது.

"இத இடிச்சு இறுக்க வேண்டாமா?" என்றேன்.

"இடிக்கவா?" என்றார் செல்லப்பாண்டி. "தண்ணி கட்டி விட்டுருவோம் மைனி. ஒரு வாரம் நிக்கட்டும், மண்ணு தானா அமுங்கிரும். இந்த ஊர்ல அம்புட்டு வீட்டுக்கும் இப்படித்தான் பண்ணுதோம்."

அம்புட்டு வீட்டுக்கும் என்று சொன்னதும் சரி என்றுவிட்டேன். வீடு கட்டி எனக்கென்ன பழக்கம்? மாலையில் டேங்கர் வந்து தண்ணீரை ஊற்றியது.

மார்ச் 6, வியாழன்

என் வருங்கால வரவேற்பறையில் இரண்டு எருமைகள் தண்ணீர் குடிக்கின்றன. பக்கத்து மனைப் பையன்கள் என் சாமி அறையில் குதித்துக் குளிக்கிறார்கள். விசில் ஊதி விரட்டினேன். விசில் கழுத்தில்தான் கிடக்கிறது. பணிக்காலம் முடிந்தால் விசிலைக் கழற்றிவிட வேண்டும் என்று எந்த அரசாணையிலும் இல்லை.

சாயங்காலம் நாயகம் வந்தான். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடே, ஒன் வீட்டுக்கும் இப்படித்தான் தண்ணி கட்டுனாங்களா?"

"ஆமாக்கா."

"தரை நல்லா இருக்குல்லா?"

"இருக்கு... இருக்கு. டீ குடிப்பமா?"

டீக்கடைக்குப் போனோம். முன்பெல்லாம் அவன் வந்தால், "ஏன்க்கா வாடகை வீட்ல கெடந்து சாவுத? எங்களோட வந்து இரு" என்று நச்சரிப்பான். போன மழைக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பொங்கலுக்குக்கூட அவர்கள்தான் குடும்பத்தோடு இங்கே வந்தார்கள், என்னைக் கூப்பிடவில்லை. இந்திராணிக்கு நான் வருவது பிடிக்கவில்லை போலிருக்கிறது. நல்லது. நான் ஒன்றும் போவதாக இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் கெட்டது. காலையில் வைரமணிக்குப் போன் போட்டேன். என் பழைய வாலிபால் டீமில் பந்து தூக்கிக் கொடுப்பவள், இப்போது பொதுப்பணித் துறையில் இன்ஜினியர். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் சத்தம்.

"ஐயையோ டீச்சர்! கரிசலுக்கா தண்ணி கட்டுனாங்க? அது நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். அந்த மண்ணு தரைக்குக் கீழ இருக்கவே கூடாது. அதுலயும் இடுப்பளவு மண்ண மொத்தமாக் கொட்டித் தண்ணி ஊத்துனா மேல மட்டும் படிஞ்ச மாதிரி தெரியும். உள்ள பூரா பொந்து."

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுதாங்களாம்."

"எல்லாரும் பண்ணுதாங்க, எல்லாரு வீட்டுத் தரையும் இறங்குது. வெளிய சொல்ல மாட்டாங்க. ஒரு கம்பிய எடுத்துக் குத்திப் பாருங்க, தெரியும்."

பிறகு அவளே சிரித்தாள். "டீச்சர், ஸ்போர்ட்ஸ் டேக்கு முன்னால கிரவுண்டுக்கு நீங்க தண்ணி கட்டியா விட்டீங்க?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. வருஷா வருஷம் ஓடுதளத்துக்குச் சரள் மண் அடித்து, பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, மறுபடி பரப்பி, மறுபடி ஓட்டுவேன். ஒரு பிள்ளைக்குக் கால் பிசகக் கூடாது என்று அத்தனை பாடு. என் சொந்தத் தரைக்கு எருமை குளிக்கிற குளமா? எனக்கு வந்த கோபத்தில் இட்லிப் பானையை அடிப்பிடிக்க விட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் நல்ல நேரம் பார்த்துக் கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. நான் போனபோது மண் மேலே காய்ந்து பாளம் வெடித்திருந்தது. வெடிப்பு தெரியாமல் மேலே மணலைத் தூவி மட்டம் தட்டியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கலவை மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நாயகம் தேங்காய் பழத்தோடு வந்து நிற்கிறான்.

ஓரத்தில் கிடந்த எட்டு எம்.எம். கம்பி ஒன்றை எடுத்து நடு ஹாலில் நின்று குத்தினேன். ஒற்றைக் கையால்தான் குத்தினேன். மேலே ஒரு விரற்கடை கடினமாக இருந்தது. அதற்கப்புறம் கம்பி சர்ரென்று என் கை மண்ணில் படும்வரை இறங்கிவிட்டது. உருவினால் கம்பியில் சேறு.

விசிலை எடுத்து ஊதினேன். கலவை மிஷின்காரன் பயந்துபோய் நிறுத்திவிட்டான்.

"கான்கிரீட் கிடையாது. இந்த மண்ணு பூரா வெளிய போகணும்."

செல்லப்பாண்டி சிரித்தார். "மைனி, இது ஓட்டப்பந்தயமில்ல, விசில் ஊதி நிறுத்துறதுக்கு. ஆளு நிக்கு, கலவை நிக்கு. நல்ல நேரம் போயிட்டிருக்கு."

"நல்ல நேரத்துல சேத்துல கான்கிரீட் போட்டா சேறு கல்லாயிருமா? கம்பிய நீங்களே குத்திப் பாருங்க."

அவர் குத்தவில்லை. நாயகத்தைப் பார்த்தார். "மாப்ள, ஒங்கக்காகிட்ட சொல்லுங்க. ஒங்க வீட்டுக்கும் இப்படித்தான போட்டோம்? ஏதாச்சும் ஆச்சா?"

நாயகம் என்னைப் பார்க்கவில்லை. தேங்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "யக்கா, சும்மா இரேன். எங்க வீட்ல ஒண்ணும் ஆகல. நாளைக்கு நான் மச்சான் மூஞ்சியில முழிக்க வேண்டாமா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மச்சான் மூஞ்சியில நீ முழிச்சுக்கோ. தரையில நான்தான் நடக்கணும்!"

"அப்ப வேற ஆளப் பாத்துக்கிடுங்க மைனி" என்று செல்லப்பாண்டி தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார். ஆட்களும் போய்விட்டார்கள். நாயகம் தேங்காயைச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனான். போகும்போது, "ஒனக்கு யாரும் வேண்டாம்லா, அதான் இப்படிப் பேசுத" என்றான்.

அந்தத் தேங்காயை எடுத்துவந்து துவையல் அரைத்தேன். வீணாக்குவானேன்.

மார்ச் 14, வெள்ளி

நாயகம் போன் பண்ணவில்லை. பண்ணியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன், சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொர்ணம் என்றொரு பெண், ஆண்களும் பெண்களுமாக ஒரு செட் வைத்து வேலை எடுக்கிறாள். அவளிடம் பேசி முடித்தேன். "பேஸ்மென்ட் மண்ண அள்ளி வெளிய போடணுமா? நெரப்பத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க, நீங்க என்ன டீச்சர் தலைகீழாச் சொல்லுதீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்கினாள்.

அள்ள அள்ள நாற்றம். உள்ளே மண் கொழகொழவென்று கிடந்தது. நடுவில் ஒரு சிமெண்ட் சாக்கு, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு, ஒரு பொதி தேங்காய்மட்டை. தேங்காய்மட்டையை, வாடகைக்கு எடுத்த ஜேசிபியின் வாளியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தேன், யாராவது வந்தால் காட்ட. யாரும் வரவில்லை.

தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. "பாவம், ரிட்டயர் ஆனதுல இருந்து ஒரு மாதிரி ஆயிட்டாங்க" என்று ஒருவர் என் காது படவே சொன்னார். எனக்கு நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டுத் தரையைக் குத்திப் பார்க்கட்டுமா என்று கம்பியைக் காட்டினேன். ஆள் நகர்ந்துவிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

இந்த வருஷத்தில் இதைப்போல ஒரு நல்ல நாள் வரவில்லை.

சரள் மண் லாரி நேற்றே வந்துவிட்டது. உள்சுவர் முழுக்க ஒரு சாணுக்கு ஒரு கோடாகச் சுண்ணாம்பில் போட்டுவைத்தேன், ஓடுதளத்துக்குப் போடுகிற மாதிரி. முதல் கோடு வரைக்கும்தான் மண். பரப்பு, தண்ணீர் தெளி, இடி, கம்பி குத்து. கம்பி இறங்காவிட்டால்தான் இரண்டாவது கோட்டுக்கு மண். அதற்கு முன்னால் ஒரு கூடை உள்ளே விழுந்தாலும் விசில்.

வைரமணி வந்திருந்தாள். வந்தவள் தனியாகவா வந்தாள்? பழைய டீமில் பாதியைக் கூட்டிவந்துவிட்டாள். ஒருத்தி பேங்கில் இருக்கிறாள், ஒருத்தி டெய்லர் கடை வைத்திருக்கிறாள், ஒருத்திக்குப் பேரன் பிறந்துவிட்டானாம். "டீச்சர், வார்ம் அப் வேண்டாமா?" என்று கத்திக்கொண்டே சேலையை இழுத்துச் செருகினார்கள்.

நடுவில் இடிக்க வாடகைக்கு மிஷின் எடுத்திருந்தேன். அது தடதடவென்று தானே நகர்ந்து போகிறது. ஆனால் சுவர் மூலைக்குள் அதன் தட்டு போகாது. "மூலையத்தான் எல்லாரும் விட்டுருவாங்க, அங்கதான் தரை முதல்ல இறங்கும்" என்றாள் வைரமணி. மூலைக்குக் கையால் இடிக்கிற திமிசுக்கட்டைதான். இரண்டு கையாலும் தூக்கிப் போட வேண்டும். நான் விசில் கொடுக்க, அவர்கள் தூக்கிப் போட, தரை அதிர்ந்தது. சொர்ணத்தின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தண்ணீரில்தான் சண்டை. டேங்கர்காரர் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விட்டார். மண் சொதசொதவென்று ஆகி, மிஷின் ஓட்டினால் தொப்பை மாதிரி ஆடியது.

"இவ்வளவு தண்ணியும் ஆகாது, தண்ணியே இல்லாமலும் ஆகாது" என்றாள் வைரமணி. "கைல அள்ளி அழுத்துனா உருண்டை நிக்கணும். கீழ போட்டா உதிரணும்."

"புட்டு மாவுப் பதம்னு சொல்லேன், எதுக்கு இம்புட்டு விளக்கம்" என்றாள் சொர்ணம்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். தண்ணீர் பாய்ந்த அறையை வெயிலில் ஆறப்போட்டு, மண்வெட்டியால் கிளறி, பதம் வந்த பிறகுதான் இடித்தோம். இதற்கே மதியம் தாண்டிவிட்டது. சாமான் அறையின் வடகிழக்கு மூலையில் கம்பி இறங்கியது. கொஞ்சம்தான். "விடுங்க டீச்சர், சாமான் வைக்கிற ரூம்தான" என்றாள் டெய்லர் கடைக்காரி. அந்த மூலையைத் தோண்டி மறுபடி போடச் சொன்னேன். மற்ற இரண்டு அறையிலும் கம்பி இறங்கினால்கூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன் என்று வைரமணி சொல்கிறாள். அவளுக்கு வாய் அதிகம்.

முழங்கால் வீங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

கடைசிக் கோடு. செல்லப்பாண்டி பைக்கில் வந்து, இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்ன மைனி, வீடு கட்டுதீங்களா, விமானம் இறக்கப் போறீங்களா?"

"இறக்கினாலும் தாங்கும். வாங்க, வந்து குத்திப் பாருங்க."

இன்றைக்குக் கம்பியை வாங்கினார். இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினார். விரல் நுனி அளவுகூட இறங்கவில்லை. வீம்புக்கு முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். கம்பி வளைந்துவிட்டது. வளைந்த கம்பியை என்னிடம் நீட்டிவிட்டு, "தெரியாமலா இருக்கோம்? இப்படிப் பண்ணிட்டிருந்தா நாங்க வருசத்துக்கு எத்தன வீடு முடிக்க?" என்றார். குரலில் கேலி இல்லை. அவருக்குத் தெரிந்தேதான் இத்தனை நாளும் செய்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"நாயகம் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். ஒரு மரியாதைக்குத்தான்.

ஏப்ரல் 2, புதன்

கான்கிரீட் போட்டாயிற்று. உடன்பிறந்தவன் ஒருவன் வந்து முதல் சட்டி கொட்டுவது வழக்கமாம். சொர்ணம் கொட்டினாள். நன்றாகத்தான் கொட்டினாள்.

செப்டம்பர் 10, புதன்

சாமான் அறைக்கு மின்விசிறி மாட்டியாயிற்று. எதற்கு என்று எலக்ட்ரீஷியன் கேட்டார், வேலையைப் பாரும் என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

பால் காய்ச்சினேன். பால் பொங்கியது. ஊரில் பாதி வந்து சாப்பிட்டது. டீம் முழுக்க வந்தது.

பந்தி முடிகிற நேரத்தில் நாயகம் வந்தான். தனியாக, ஒரு சேலையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு. மார்ச் மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறேன். இளைத்திருந்தான். "இந்தாக்கா" என்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு அறையாக நடந்தான். சுவரையோ கதவையோ பார்க்கவில்லை. தரையும் சுவரும் சேர்கிற இடத்திலேயே கண்ணை ஓட்டிக்கொண்டு போனான். சாமான் அறை மூலையில் குதிகாலால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தான்.

"சாப்பிட்டுட்டுப் போ."

"இல்லக்கா, இந்திராணி தனியா இருக்கா."

பகல் ஒரு மணிக்குப் பெண்டாட்டி தனியாக இருந்தால் என்ன? பூதமா தூக்கிக்கொண்டு போகும்? கேட்டிருப்பேன், வீடு நிறைய ஆள். சேலை நீல நிறம். எனக்குப் பிடித்த நிறம்தான், அது அவனுக்குத் தெரியும்.

நவம்பர் 18, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. காலையில் இந்திராணியிடமிருந்து போன். அவள் எனக்குப் போன் பண்ணி எத்தனையோ காலம் ஆகிறது.

"மைனி... நீங்க கொஞ்சம் வாரீங்களா? அவுககிட்ட சொல்லாதீங்க, நான் கூப்பிட்டேன்னு."

ஆட்டோ பிடித்துப் போனேன். கதவைத் தட்டினால் திறக்க முடியவில்லை, உள்ளே தரை இறங்கி நிலை கோணிக்கொண்டிருக்கிறது. நாயகம் தோளால் முட்டித் திறந்தான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

ஹால் தரை நடுவில் தட்டு மாதிரி குழிந்து கிடந்தது. சுவர் ஓரத்தில் தரைக்கும் சுவருக்கும் நடுவே என் கை போகிற இடைவெளி. அதற்குள் மழைத்தண்ணீர் சளசளக்கிறது. பீரோவைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியோடு கட்டியிருக்கிறார்கள். கட்டிலின் இரண்டு காலுக்கு மட்டும் செங்கல். கோரைப்பாயைத் தூக்கினால் அதன் கீழே வெடிப்பு. அந்தப் பாய் புதிதல்ல. ஒரு வருஷமாவது அங்கேயே கிடந்த பாய்.

"எப்போ இருந்துடே?"

நாயகம் பாயை இழுத்து வெடிப்பை மூடினான். இந்திராணிதான் சொன்னாள், "போன வருச மழையில ஆரம்பிச்சிச்சு மைனி. அண்ணனே கட்டுன வீடு. வெளிய சொன்னா எங்கண்ணனுக்குத் தொழில் போயிரும். ஒங்களுக்கும் அவரைத்தானே பேசி விட்டோம்? ஒங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? நீங்க வந்தா பாத்துருவீங்கன்னுதான் பொங்கலுக்குக்கூட..." என்று அழுதாள்.

அப்படியென்றால் நான் வருவது அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. ஒரு வருஷமாக நான் இந்தப் பெண்ணை மனசுக்குள் திட்டியதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

நாயகம் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏலே, அன்னைக்குக் கம்பி குத்தும்போது ஒனக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டேதான ஒண்ணும் ஆகலன்னு சொன்ன? எனக்கும் இப்படி ஆகட்டும்னு விட்டியா?"

"நீ விசில் ஊதுனப்ப எனக்கு உசிரு வந்துச்சுக்கா" என்றான். "நான் வாயத் தொறக்க முடியாமத்தான் நின்னேன். நீ நிறுத்திருவன்னு தெரியும்."

பீரோ கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். துணிமணியை மூட்டை கட்டச் சொன்னேன். "எங்கக்கா?" என்றான். "எங்கயா? கேள்வியப் பாரு!"

நவம்பர் 24, திங்கள்

மழை விட்டு வெயில் அடிக்கிறது. நாயகம் வீட்டு ஹாலை இன்று உடைத்தோம். செல்லப்பாண்டிக்கு நானே போன் போட்டேன்: கட்டினவர்தான் உடைக்கணும், உடைச்சவர்தான் ஒழுங்காப் போடணும், வராவிட்டால் தெருத்தெருவாக விசில் ஊதிச் சொல்லுவேன் என்று. வந்துவிட்டார். சுவரில் சுண்ணாம்புக் கோடு போடும்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டார், "ஒரு சாண்தான மைனி?"

"ஒரு சாண். மூலைக்குத் திமிசு. கம்பி என் கையில இருக்கும்."

"தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் நாயகம் சாமான் அறையில் குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு வாரமாக அதே வேலை. இனிமேல் தட்டினால் வாடகை வாங்குவேன் என்றேன். காலை ஆறு மணிக்கு விசில், எழுந்திருக்காதவர்களுக்குக் காப்பி கிடையாது என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். "தரை முடிஞ்சதும் போயிருவோம்க்கா" என்றான். போங்களேன், யார் பிடித்து வைத்தது? அவசரப்பட்டு இடித்தால் மண் இறுகாது, செல்லப்பாண்டியை மெதுவாகவே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இந்திராணி ஈரத்துணியை உதறி, அங்கேயே கட்டிய கொடியில் போட்டுக்கொண்டே மேலே பார்த்தாள். "மைனி, சாமான் ரூமுக்கு எதுக்கு ஃபேன் மாட்டுனீங்க?"

"சாமானுக்குப் புழுங்காதா?" என்றேன்.